சிறு வகுப்பும் சிறு கூறும்: தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆய்வுகளில் விரிதாள்வழிப் புள்ளியியல் சோதனை

முன்னுரை

பகாங் மாநிலத்திலுள்ள கேமரன் மலை, 1885-ஆம் ஆண்டு அப்பகுதியில் நில அளவைப் பயணம் மேற்கொண்ட வில்லியம் கேமரனின் பெயரால் வழங்கப்பெறுகின்றது. 1929-இல் ஜே. ஏ. ரசல் தொடங்கிய போ தோட்டமும், 1933-இல் தோன்றிய பாரத் தோட்டமும் அம்மலையைத் தேயிலை மலையாக மாற்றின. காடழித்துச் சரிவுகளில் செடி நட்டுக் கொழுந்து பறித்த தொழிலாளருள் தமிழர் முதன்மையானவர். அவர்தம் பிள்ளைகளுக்காகத் தோட்டங்களில் தமிழ்ப்பள்ளிகளும் எழுந்தன. தலைமுறைகள் மாற, தோட்டத்துப் பிள்ளைகள் கல்வியாலும் வேலையாலும் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். இன்று கொழுந்து பறிக்கும் பணியில் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளரே ஈடுபட்டுள்ளனர். இதன் விளைவாகத் தோட்டப் பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை சுருங்கியுள்ளது. 150-க்கும் குறைந்த மாணவரைக் கொண்ட பள்ளிகளை மலேசியக் கல்வி அமைச்சு 'குறைந்த மாணவர் பள்ளி' என வகைப்படுத்துகின்றது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பல இவ்வகையைச் சார்ந்தவை.

இத்தகைய பள்ளிகளைப் பற்றிய கருத்துகள் பெரும்பாலும் விழுக்காட்டைக் கொண்டே உருவாகின்றன. "தேர்ச்சி விழுக்காடு இவ்வாண்டு சரிந்துவிட்டது", "நகரப் பள்ளியைவிடத் தோட்டப் பள்ளி பின்தங்கியுள்ளது", "புதிய கற்பித்தல் முறையால் அடைவுநிலை உயர்ந்தது" என்பன போன்ற கூற்றுகள் நாம் அடிக்கடி கேட்பவை. பெற்றோர் தம் பிள்ளையை எப்பள்ளியில் சேர்ப்பது என முடிவு செய்வதும், ஓர் ஆசிரியரின் உழைப்பு மதிப்பிடப்படுவதும் இத்தகைய கூற்றுகளைச் சார்ந்தே அமைகின்றன. ஆயின் ஐந்து மாணவர் பயிலும் வகுப்பில் ஒரு மாணவரின் தேர்ச்சியோ தோல்வியோ விழுக்காட்டை 20 புள்ளிகள் நகர்த்திவிடும். நாற்பது மாணவர் பயிலும் வகுப்பில் அதே ஒரு மாணவர் ஏற்படுத்தும் மாற்றம் 2.5 புள்ளிகளே. எனவே, சிறு வகுப்பில் காணப்படும் ஏற்ற இறக்கத்துள் எது உண்மையான மாற்றம், எது தற்செயல் என்பதைப் பிரித்தறிய வேண்டிய தேவை ஏனையோரைக் காட்டிலும் தோட்டப்பள்ளி ஆசிரியர்க்கே மிகுதி.

அவ்வாறு பிரித்தறிவதற்கான அடிப்படைப் புள்ளியியல் சோதனைகள் சிலவற்றை, பள்ளிக் கணினிகளில் இயல்பாகக் கிடைக்கும் விரிதாள் மென்பொருளைக் கொண்டே செய்யும் முறையை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணக்கேடும் விரிதாளும்

நிரலும் நிரையும் தோட்டத்துத் தமிழர்க்குப் புதியன அல்ல. கிராணியார் வைத்திருந்த செக்ரோல் ஏட்டில் ஆட்பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகவும் நாள்கள் பக்கவாட்டிலும் அமைந்திருக்கும். விரிதாள் என்பது அவ்வேட்டின் கணினி வடிவமே. 1979-இல் விசிகால்க், 1983-இல் லோட்டஸ் 1-2-3, 1985-இல் எக்செல் என இம்மென்பொருள்கள் வளர்ந்தன. இன்று விலையின்றிக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் கால்க், கூகுள் ஷீட்ஸ் ஆகியவற்றிலும் ஈண்டுக் குறிப்பிடப்படும் சார்புகளோ அவற்றுக்கு இணையானவையோ உள்ளன. தனிப்பட்ட புள்ளியியல் மென்பொருள் இல்லையென்பது ஆய்வைக் கைவிடுவதற்குக் காரணம் ஆகாது.

தேயிலையும் புள்ளியியலும்

தேயிலைக்கும் புள்ளியியல் சோதனைக்கும் நெருங்கிய வரலாற்றுத் தொடர்பு உண்டு. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919 முதல் பணியாற்றிய ரொனால்டு ஃபிஷர், 1935-இல் வெளியிட்ட சோதனை வடிவமைப்பு பற்றிய நூலில் ஒரு தேநீர்ச் சோதனையைக் கொண்டே தம் கொள்கையை விளக்கினார். கோப்பையில் முதலில் பால் ஊற்றப்பட்டதா, தேநீர் ஊற்றப்பட்டதா என்பதைச் சுவையாலேயே அறிய முடியும் என்றார் ஒரு பெண்மணி. ராதம்ஸ்டெட்டில் பணியாற்றிய பாசியியல் அறிஞர் மியூரியல் பிரிஸ்டலே அவர். எட்டுக் கோப்பைகளுள் நான்கில் பாலும் நான்கில் தேநீரும் முதலில் ஊற்றி, அவற்றைக் குலுக்கல் முறையில் வரிசை மாற்றிக் கொடுத்தால், அவர் வெறும் ஊகத்தாலேயே அனைத்தையும் சரியாகக் கூறிவிடும் வாய்ப்பு எவ்வளவு என்பதே ஃபிஷர் எழுப்பிய வினா.

ஃபிஷருடன் ராதம்ஸ்டெட்டில் இணைந்து ஆய்வு செய்த தாமஸ் ஈடன் பின்னர் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் பணியேற்றார். 1925-இல் நிறுவப்பெற்ற அந்நிலையம் தலவாக்கலையில் அமைந்தது. தேயிலை விளைச்சல் பற்றி ஈடன் எழுதிய ஆய்வுக் கட்டுரை வரிசை 1931-இல் தொடங்குகின்றது. தேயிலை வயற்சோதனைகளில் நேரும் பிழையின் அளவை அதன் முதற்கட்டுரை ஆராய்ந்தது. ஒரே மலைச்சரிவில் அடுத்தடுத்துள்ள இரு நிலத்துண்டுகள்கூட ஒரே அளவு கொழுந்து தருவதில்லை. எனவே உரத்தின் பயனை அறிய, இயல்பாகவே உள்ள இவ்வேறுபாட்டை முதலில் அளந்தறிதல் வேண்டும் என்பது இத்தகைய ஆய்வுகளின் அடிப்படை. இலங்கையின் மலையகத் தோட்டங்களில் கொழுந்து பறித்தோர் பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளரே என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. அவர்கள் பறித்து நிறுக்கப்பட்ட கொழுந்தின் எடைகள் புள்ளியியல் வளர்ச்சிக்குத் தரவாயின. அக்கருவியை அவர்தம் வழிவந்த பிள்ளைகளின் கல்விக்குப் பயன்படுத்துவது மிகப் பொருத்தமானதே.

விழுக்காட்டின் மயக்கம்

ஃபிஷரின் வினாவிற்கு விரிதாளில் விடை காண்பது எளிது. எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்கும் வழிகளின் எண்ணிக்கையை 'காம்பின்' என்னும் சார்பு தரும். அதனுள் 8, 4 ஆகிய எண்களை இட்டால் 70 என்னும் விடை கிடைக்கும். இவற்றுள் முற்றிலும் சரியான தெரிவு ஒன்றே. ஆதலின் ஊகத்தால் அனைத்தையும் சரியாகச் சொல்லும் வாய்ப்பு 70-இல் 1, அதாவது ஏறத்தாழ 0.014. நான்கில் மூன்றை மட்டும் சரியாகக் கூறும் வழிகள் 16. எனவே, மூன்றோ அதற்கு மேலோ சரியாகக் கூறும் வாய்ப்பு 70-இல் 17, அதாவது ஏறத்தாழ 0.24. நான்கில் மூன்று சரி என்பது கேட்பதற்குச் சிறப்பாகத் தோன்றினும், வெறும் ஊகத்தாலேயே நான்கு முறைக்கு ஒரு முறை அது நிகழக்கூடும்.

இதனை வகுப்பறைக்குப் பொருத்திப் பார்ப்போம். ஒரு பள்ளியில் எட்டு மாணவர் உள்ளனர் எனவும், குலுக்கல் முறையில் நால்வர் புதிய முறையிலும் நால்வர் பழைய முறையிலும் கற்பிக்கப்பெற்றனர் எனவும் கொள்வோம். புதிய முறையில் பயின்றோருள் மூவரும், பழைய முறையில் பயின்றோருள் ஒருவரும் தேர்ச்சி பெற்றனர். அறிக்கையில் இது "75 விழுக்காடு, 25 விழுக்காடு" என இடம்பெறும். படிப்போர்க்கு மும்மடங்கு வெற்றியாகத் தோன்றும். ஆயின் கணக்கு மேற்கூறிய தேநீர்க் கோப்பைக் கணக்கே. இரு முறைகளுக்கிடையே எவ்வேறுபாடும் இல்லாதபோதும், புதிய முறைக்குச் சாதகமாக இத்தகைய முடிவோ இதனினும் மிகுந்த முடிவோ கிட்டும் வாய்ப்பு 0.24 ஆகும். எனவே இதனைச் சான்றெனக் கொள்ளல் இயலாது.

இதே விழுக்காடுகள் நாற்பது நாற்பது மாணவர் கொண்ட இரு குழுக்களில், முறையே 30 பேரும் 10 பேரும் தேர்ச்சி பெற்றதால் வந்தவையாயின் நிலைமை முற்றிலும் வேறு. அங்குக் கை வர்க்கச் சோதனை பொருந்தும். கை வர்க்க மதிப்பு 20 எனக் கிடைக்கும். இது தற்செயலாக நிகழும் வாய்ப்பு நூறாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. விழுக்காடு ஒன்றே, சான்றின் வலிமை வேறு. ஆகவே, விழுக்காட்டைக் குறிப்பிடும் எந்த அறிக்கையும் அதனருகே மாணவர் எண்ணிக்கையையும் தருதல் இன்றியமையாதது.

எக்செலில் கை வர்க்கச் சோதனைக்குரிய சார்பு, கண்டறிந்த எண்ணிக்கைகளோடு எதிர்பார்க்கும் எண்ணிக்கைகளையும் வேறொரு பட்டியலாகக் கேட்கும். நிரைக் கூட்டுத்தொகையை நிரல் கூட்டுத்தொகையால் பெருக்கி மொத்த எண்ணிக்கையால் வகுத்தால் எதிர்பார்க்கும் எண்ணிக்கை கிடைக்கும். இரு நிரையும் இரு நிரலும் கொண்ட பட்டியலில் இவ்வெண்ணிக்கை எக்கட்டத்திலேனும் ஐந்துக்குக் குறையுமாயின் கை வர்க்கச் சோதனையைத் தவிர்த்து, மேலே கண்ட ஃபிஷர் முறையைக் கையாளுவதே பொதுவான வழக்கம். எட்டு மாணவர் எடுத்துக்காட்டில் ஒவ்வொரு கட்டத்திற்கும் எதிர்பார்க்கும் எண்ணிக்கை இரண்டே என்பதை நோக்குக.

சிறு கூறுக்கென எழுந்த சோதனை

மதிப்பெண்களை ஒப்பிடுவதற்கு டி-சோதனை பயன்படுகின்றது. இச்சோதனை பெரிய கூறுகளுக்காக அன்றி, சிறிய கூறுகளுக்காகவே கண்டறியப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. டப்ளின் நகரின் கின்னஸ் மதுவடிசாலையில் 1899 முதல் பணியாற்றிய வில்லியம் சீலி காசெட் என்பார், ஒரு சில அளவீடுகளை மட்டும் வைத்து முடிவு காண வேண்டிய நிலையில் இருந்தார். 1908-இல் 'மாணவர்' எனப் பொருள்படும் 'ஸ்டூடண்ட்' என்னும் புனைபெயரில் தம் ஆய்வை வெளியிட்டார். 3000 குற்றவாளிகளின் உடலளவுகளை அட்டைகளில் எழுதிக் கலைத்து, நான்கு நான்காக 750 கூறுகளாகப் பிரித்துத் தம் கொள்கையைச் சரிபார்த்தார். அக்கட்டுரையில் அவர் கையாண்ட எடுத்துக்காட்டு, பத்து நோயாளிகளுக்கு மருந்தினால் கூடிய உறக்க நேரத்தைப் பற்றியது. பத்துப் பேரைக் கொண்டு முறையான முடிவு காண இயலும் என்பதற்கு அதுவே முன்மாதிரி.

இனி, பத்து மாணவரைக் கொண்ட ஒரு தோட்டப்பள்ளி வகுப்பைக் கற்பனை செய்துகொள்வோம். லகர, ளகர, ழகரச் சொற்கள் இருபது கொண்ட சொல்வதெழுதுதல் சோதனை, பயிற்சிக்கு முன்னரும் பின்னரும் நடத்தப்படுகின்றது. பின்வரும் எண்கள் விளக்கத்திற்காக அமைக்கப்பட்டவை.

முன்: 8, 11, 9, 14, 7, 12, 10, 6, 13, 10
பின்: 10, 12, 12, 14, 11, 13, 12, 11, 12, 13

விரிதாளின் ஏ நிரலில் மாணவர் பெயருக்கு மாற்றாக வரிசை எண்ணை இடுக. பி நிரலில் இரண்டாம் நிரை முதல் பதினோராம் நிரை வரை முன்சோதனை மதிப்பெண்ணையும், சி நிரலில் அதே மாணவரின் பின்சோதனை மதிப்பெண்ணையும் இடுக. டி நிரலில் சி-யிலிருந்து பி-யைக் கழித்து வேறுபாட்டைக் காண்க. 2, 1, 3, 0, 4, 1, 2, 5, -1, 3 எனக் கிடைக்கும்.

முதற்படி, சராசரி. 'ஏவரேஜ்' சார்பின்படி முன்சோதனைச் சராசரி 10, பின்சோதனைச் சராசரி 12, வேறுபாட்டின் சராசரி 2.

இரண்டாம் படி, திட்ட விலக்கம். வேறுபாடுகள் தம் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்பதை இது காட்டும். 'எஸ்டிடெவ்.எஸ்' சார்பு 1.83 எனத் தரும். இதனையொத்த 'எஸ்டிடெவ்.பி' என்பது முழுத்தொகுதிக்கு உரியது. கூறினைக் கொண்டு செய்யும் ஆய்வில் அதனைப் பயன்படுத்தலாகாது.

மூன்றாம் படி, திட்டப் பிழை. திட்ட விலக்கத்தைப் பத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க 0.577 கிடைக்கும்.

நான்காம் படி, டி மதிப்பு. வேறுபாட்டின் சராசரியைத் திட்டப் பிழையால் வகுக்க 3.46 வரும்.

ஐந்தாம் படி, பி-மதிப்பு. 'டி.டெஸ்ட்' சார்பு நான்கு உள்ளீடுகளைக் கேட்கும். முதலிரண்டும் முன், பின் மதிப்பெண் நிரல்கள். மூன்றாவது, சோதனை ஒருபக்கமா இருபக்கமா என்பது. மதிப்பெண் உயரவும் தாழவும் கூடும் ஆதலின் 2 என இடுதலே முறை. நான்காவது, சோதனையின் வகை. ஒரே மாணவரை இருமுறை அளந்தால் 1. வெவ்வேறு குழுக்கள், சிதறல் ஒத்திருப்பின் 2. சிதறல் வேறுபடின் 3. இங்கு 1 என இட்டால் 0.0071 என்னும் பி-மதிப்பு கிடைக்கும்.

நான்காம் உள்ளீட்டைத் தவறாக 2 என இட்டால் பி-மதிப்பு 0.038 ஆகிவிடும். அவ்வாறு இடும்போது ஒவ்வொரு மாணவரையும் அவரோடே ஒப்பிடும் பயனை நாம் இழக்கின்றோம். கணினி இரண்டையும் மறுப்பின்றிக் கணித்துத் தரும். எது பொருந்தும் என முடிவு செய்வது ஆய்வாளர் பொறுப்பாகும்.

பி-மதிப்பு சொல்வதும் சொல்லாததும்

பயிற்சிக்கு முன்னும் பின்னும் உண்மையில் மாற்றம் ஏதும் இல்லை எனும் எடுகோளை இன்மைக் கருதுகோள் என்பர். அது மெய்யாயின், நாம் கண்ட அளவோ அதனினும் மிகுந்த அளவோ வேறுபாடு தற்செயலாகத் தோன்றும் வாய்ப்பே பி-மதிப்பு. மேற்கண்ட எடுத்துக்காட்டில் அவ்வாய்ப்பு ஆயிரத்தில் ஏழு. 0.05 என்னும் வழக்கமான எல்லைக்கு இது மிகக் குறைவு. எனவே இன்மைக் கருதுகோளை விலக்குகின்றோம்.

இன்மைக் கருதுகோள் மெய்யாக இருக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஏழு என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. பயிற்சி தொண்ணூற்றொன்பது விழுக்காடு வெற்றி என்பதும் பிழையே. இத்தகைய பிறழ்ந்த விளக்கங்கள் பெருகியமையால், அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-இல் பி-மதிப்பின் பயன்பாடு குறித்துத் தனி அறிக்கையே வெளியிட்டது.

பயன் எவ்வளவு என்பதை அறிய நம்பக இடைவெளி உதவும். 'கான்ஃபிடன்ஸ்.டி' சார்பில் 0.05, திட்ட விலக்கம், மாணவர் எண்ணிக்கை ஆகியவற்றை இட்டால் 1.31 கிடைக்கும். ஆகவே சராசரி உயர்வு ஏறத்தாழ 0.7 முதல் 3.3 சொற்கள் வரை இருக்கக்கூடும் என 95 விழுக்காட்டு நம்பகத்துடன் கூறலாம். எக்செலின் பழைய 'கான்ஃபிடன்ஸ்' சார்பு பெருங்கூறுக்குரிய பரவலைக் கையாளுவதால் 1.13 என்றே காட்டும். காசெட் திருத்த முற்பட்ட பிழை இதுவே. சிறுகூறு ஆய்வில் அப்பழைய சார்பைத் தவிர்த்தல் வேண்டும்.

இவற்றினும் முக்கியமான வினா ஒன்று உண்டு. மதிப்பெண் உயர்ந்தது மெய், உயர்த்தியது பயிற்சிதானா? இடைப்பட்ட வாரங்களில் மாணவர் இயல்பாகவே வளர்ந்திருக்கலாம். சோதனை பழகிப் போயிருக்கலாம். மேலும், 6 பெற்றவர் 11-க்கு உயர்ந்ததையும், 13 பெற்றவர் 12-க்கு இறங்கியதையும் காண்க. ஒரு நாள் மிகக் குறைவாகப் பெற்றவர் மறுநாள் உயர்வதும், மிக அதிகமாகப் பெற்றவர் சற்றுத் தாழ்வதும் பயிற்சியின்றியும் நிகழ்பவை. இதனைச் சராசரி நோக்கிய மீள்வு என்பர். பின்தங்கிய மாணவரை மட்டும் தேர்ந்து நடத்தப்பெறும் செயலாய்வுகளில் இது பெரிதும் மயக்கம் தருவது. இவ்வையத்தை எந்தச் சார்பும் நீக்காது. ஒப்பீட்டுக் குழு ஒன்றே நீக்கும்.

சிறு பள்ளியில் ஒப்பீட்டுக் குழுவிற்கு ஆள் ஏது எனும் வினா எழுவது இயல்பு. அருகருகேயுள்ள பள்ளிகள் சில ஒன்றுசேர்ந்து ஒரே சோதனையை நடத்தி மதிப்பெண்களைத் தொகுக்கலாம். ஒவ்வொரு பள்ளிக்குள்ளும் 'ரேண்ட்' சார்பு தரும் குலுக்கல் எண்ணைக் கொண்டு மாணவரை வரிசைப்படுத்தி, ஒரு பாதியினர்க்குப் பயிற்சியை முதலிலும் மறுபாதியினர்க்குப் பின்னரும் அளிக்கலாம். இதனால் எவர்க்கும் பயிற்சி மறுக்கப்படுவதில்லை. அச்சார்பு ஒவ்வொரு முறையும் புதிய எண்ணைத் தரும் ஆதலின், கிடைத்த எண்களை நிலையான மதிப்புகளாக உடனே ஒட்டிக்கொள்ள வேண்டும்.

விரிதாளில் கவனிக்கத்தக்கவை

விரிதாளில் நேரும் சிறு பிழை பெரும் விளைவைத் தரக்கூடும். கார்மென் ரெயின்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்னும் பொருளியல் அறிஞர்கள் 2010-இல் அரசுக் கடன் பற்றி வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையை, 2013-இல் மாசசூசெட்ஸ் ஆம்ஹெர்ஸ்ட் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ன்டனும் அவர்தம் ஆசிரியர்களும் மறுஆய்வு செய்தனர். சராசரி காணும் சூத்திரத்தில் ஐந்து நாடுகளின் நிரைகள் விடுபட்டிருந்தன. ஆய்வின் வேறு தெரிவுகளும் சேர்ந்து, கடன் மிகுந்த நாடுகளின் சராசரி வளர்ச்சி 2.2 விழுக்காடாக இருக்க வேண்டிய இடத்தில் -0.1 விழுக்காடாகக் காட்டின. சூத்திரம் எக்கட்டத்தில் தொடங்கி எக்கட்டத்தில் முடிகின்றது என்பதை ஒருமுறை விரல்வைத்துச் சரிபார்த்தல் நன்று.

வராத மாணவர்க்குச் சுழியம் இடலாகாது. சுழியம் என்பது ஒரு மதிப்பெண்; வெற்றிடம் என்பது வேறு. இணைநிலைச் சோதனையில் ஒரு சோதனையைத் தவறவிட்டவரின் நிரையை முழுமையாக நீக்கி, நீக்கியதை அறிக்கையில் குறிப்பிடுக.

தமிழ் எழுத்துகளை எண்ணும் ஆய்வாளர்க்குத் தனி எச்சரிக்கை தேவை. எழுத்தெண்ணும் 'லென்' சார்பு, தமிழ் என்னும் சொல்லின் நீளத்தை 5 எனக் காட்டும். ஒருங்குறியில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதே காரணம். இலக்கணப்படி அச்சொல்லில் எழுத்து மூன்றே.

முடிவுரை

மலேசியாவில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டபின், வகுப்பறை மதிப்பீட்டின் பொறுப்பு ஆசிரியரிடம் கூடியுள்ளது. ஆசிரியர் தம் கையிலுள்ள மதிப்பெண்களைக் கொண்டு என்ன கூறலாம், என்ன கூறலாகாது என்பதை அறிந்திருத்தல் முன்னெப்போதையும்விட இன்று தேவையாகின்றது.

சிறு பள்ளிகளுக்கு இவ்வறிவு இருவகையில் காப்பாகும். எட்டு மாணவர் பள்ளியின் ஓராண்டுச் சரிவை வைத்து அப்பள்ளியைத் தாழ்த்துவோர்க்கு, அது தற்செயலின் எல்லைக்குள் அடங்கும் எனக் கணக்குடன் விடை கூறலாம். அவ்வாறே, ஓராண்டு உயர்வைக் கொண்டு ஒரு முறையைப் புகழ்வதற்கு முன் நம்மை நாமே தடுத்துக்கொள்ளவும் வேண்டும். ஒரே அளவுகோலை இரு திசையிலும் பயன்படுத்தும்போதுதான் அவ்விடைக்கு மதிப்பு உண்டாகும். மாணவர் எண்ணிக்கையைத் தவறாது குறிப்பிடுதல், சோதனை வகையைப் பொருந்தத் தெரிதல், ஒப்பீட்டுக் குழு அமைத்தல் ஆகிய மூன்றையும் கடைப்பிடித்தால், பத்துப் பேர் கொண்ட வகுப்பிலும் நம்பத்தக்க ஆய்வு செய்ய இயலும்.